தியோ தவுக்கேயின் சிவப்பு சோபா

1998 ஜனவரி 5, திங்கள்

நோன்பு ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் துவான் ருஸ்தாம் என் பொறுமையைச் சோதிக்கிறார். கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி, அதனால் எங்களுக்கு 'துவான்', ஐயா. கழுத்தில் டை. இந்த வெயிலில் டை!

நானும் என் சிநேகிதி கியோக்கும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறோம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுகிற வேலை. இந்த மாதம் எங்கள் தெருவையே எழுத வேண்டுமாம். மலாய்க்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள், சீனர்கள் எப்படி வாழ்கிறார்கள், யாருக்கு வசதி அதிகம்? தெருவுக்கு நடுவில் சாக்கடை. இந்தப் பக்கம் மலாய் வீடுகள், என் வீடும் அதில் ஒன்று. அந்தப் பக்கம் சீனர் வீடுகள், கியோக் வீடும் அதில் ஒன்று. ஒப்பிடுவதற்கென்றே யாரோ கோடு போட்டு வைத்த மாதிரி.

நான் சீனர் வீடுகளுக்கும் கியோக் மலாய் வீடுகளுக்கும் போக வேண்டும் என்பது துவானின் யோசனை. "சொந்த ஆளுங்க மூஞ்சியப் பார்த்தா யாரும் உண்மை பேச மாட்டாங்க. இன்னொண்ணு, உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதாதீங்க. அவங்க சொல்றதையும் கண்ணுக்குத் தெரியறதையும் மட்டும் எழுதுங்க."

எழுந்து போகும்போது சாதாரணமாக ஒன்று சொன்னார். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்துவிட்டதால் ஆள் குறைக்கிறார்களாம். பெருநாள் முடிந்ததும் எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் வேலை.

என் வீட்டுக்காரர் சம்சுரி வேலை பார்த்த தொழிற்சாலை நவம்பரிலேயே மூடிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவர் சீருடை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்புகிறார், ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். தெருவில் யாராவது கேட்டால் "பகல் ஷிப்ட்" என்கிறோம். கியோக்கிடம்கூட மறைத்துவிட்டேன். ஏன் மறைக்கிறேன்? சொன்னால் என்ன, தின்றுவிடுவாளா?

ஜனவரி 7, புதன்

முதல் வீடு தியோ தவுக்கே. ஆணி, பெயிண்ட், குழாய் எல்லாம் விற்கிற பெரிய கடைக்காரர். எலி கடித்த பனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

"எங்க லா வியாபாரம்! இந்தக் காலத்துல யாரு ஆணி வாங்கறா? கஞ்சி குடிக்கிறோம் மஹானி. வெறும் கஞ்சி."

"போன வாரம் வாசல்ல புது வேன் நின்னுச்சே, தவுக்கே?"

"அது என் தம்பியோடது."

தவுக்கேக்குத் தம்பியே கிடையாது. நான் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் தெரிந்ததை எழுதக்கூடாதே.

கூடம் காலி. சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் நான் உட்கார்ந்து பலகாரம் தின்கிற சிவப்பு வெல்வெட் சோபாவைக் காணோம். கேட்டேன். "தரையில உட்கார்ந்தா முதுகுக்கு நல்லது" என்றார். கேள்வி கேட்டு எழுதுகிறவள் பின்னாலேயே வரி ஆள் வருவான் என்று பயம் அவருக்கு. 'சோபா இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 8, வியாழன்

சோபா கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டு செனா அக்கா கூடத்தில் இருக்கிறது. கியோக் அங்கே போய்க் கேள்வி கேட்டபோது அக்கா அதில் ராணி மாதிரி உட்கார்ந்து பதில் சொன்னாராம்.

ஜனவரி 13, செவ்வாய்

விஷயம் இப்போது தெளிவாகப் புரிந்துவிட்டது. சீனர் வீட்டுப் பொருளெல்லாம் சாக்கடையைத் தாண்டி வந்து எங்கள் ஆட்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கோ கொண்டாட்டம். பெருநாளுக்குக் கடனில் வாங்கிய புதுத் திரைச்சீலை ஏற்கெனவே தொங்குகிறது, சோபா மட்டும்தான் குறையாக இருந்தது. கியோக் வருகிறாள் என்றால் முந்தின வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகச் சோபா போகிறது. தூக்குகிறவர்களில் 'இன்னிக்கு லீவு' என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரரும் ஒருவர். 'பகல் ஷிப்ட்' இப்படித்தான் நடக்கிறது!

கியோக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கைப்பிடியில சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கு பாரு, அதுக்கு நான் வணக்கமே வைக்க ஆரம்பிச்சிட்டேன். ஹாஜி மொக்தார் ஒருத்தர்தான் கஷ்டம்னு அழுதாரு. அவர் வீட்லதான் ரூமுக்கு ஒரு ஏர்கான்."

எங்கள் பக்கம் அழுவதற்கு ஹாஜி என்றால் அந்தப் பக்கம் பெருமையடிக்கப் பல் வைத்தியர் வோங். தங்கப் பல்லை எண்ணச் சொல்லி வாயைத் திறந்து காட்டினார். நோன்பு வாயோடு நான் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

கியோக்குக்கு எல்லா வீட்டிலும் பலகாரம் கட்டிக் கொடுக்கிறார்கள். பட்டினி எனக்கு, பாவாடை இறுக்கம் அவளுக்கு.

ஜனவரி 20, செவ்வாய்

துவான் முடிவைப் பார்த்தார். டையைத் தளர்த்தினார்.

"தலைமை அலுவலகத்துக்கு நான் என்னன்னு சொல்வேன்? சீனரெல்லாம் கஞ்சி குடிக்கிறாங்க, மலாய்க்காரரெல்லாம் வெல்வெட் சோபாவுல சாய்ஞ்சிருக்காங்கன்னா?"

நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த வருடம் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வருகின்றன. அப்போது தெருவுக்கு அவரே வந்து தன் கண்ணால் பார்க்கப்போகிறாராம். எங்கள் இருவர் வீட்டுக்கும் வருவாராம். "ஒரு வேலைதான் இருக்கு. யாருக்கு அதிகமா தேவையோ அவங்களுக்குக் கொடுக்கறதுதான் நியாயம். வந்து பார்த்து முடிவு பண்றேன்."

நல்ல மனுஷன். தேவை எனக்குத்தான் அதிகம். வந்து பார்த்தால் தெரிந்துவிடும். பாய், ஓட்டை ஜன்னல், கதவைக் கயிறால் கட்டி வைத்த ஐஸ்பெட்டி. அப்படியே விட்டுவைத்தால் போதும்.

ஜனவரி 22, வியாழன்

கியோக்கோடு சண்டை.

பேச்சு எங்கேயோ ஆரம்பித்தது. "உங்க ஆளுங்களுக்கு என்ன, ஆளுக்கொரு கடை" என்று நான் சொல்லிவிட்டேன். "உங்க ஆளுங்களுக்கு என்ன, அரசாங்க வேலை, அரசாங்க வீடு" என்று அவள். "எந்த அரசாங்க வீட்ல நான் இருக்கேன்?" "எந்தக் கடை என்கிட்ட இருக்கு?" அப்புறம் அது முட்டிவலியில் வந்து நின்றது. யாருக்கு முட்டிவலி அதிகம் என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டோம். அவளுக்கு இடது முட்டி. எனக்கு இரண்டும்.

அப்போதாவது சம்சுரிக்கு வேலை போனதைச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியத்தில் ஜெயித்திருப்பேன். சொல்ல முடியவில்லை. "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, தெரிஞ்சுக்கோ!" என்று சொல்லிவிட்டு வந்தேன். மடச்சி.

ஜனவரி 26, திங்கள்

சம்சுரி சொல்கிறார்: "துவானைப் பாயிலயா உட்கார வைக்கறது? எல்லார் வீட்டுக்கும் போன சோபா நம்ம வீட்டுக்கு வரக்கூடாதா?"

வேலை போய்விடும், பாய்தான், பேச்சே வேண்டாம் என்று கத்தினேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஐந்து நாளாகப் பேசாத கியோக் போர்வையில் எதையோ சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாக்கடையோரம் நின்றாள். டிவி.

"பேச மாட்டேன்னுதான் சொன்னேன். டிவிய உன்கிட்ட வைக்க மாட்டேன்னு சொல்லல. துவான் நாளன்னைக்கு எங்க வீட்டுக்கு வராரு. வேற யாரை நம்பறது?"

வாங்கிக்கொண்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. என் வேலைக்கு நானே குழி வெட்டி, மண்வெட்டியையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் நம்பி வந்து நிற்கிறவளை எப்படித் திருப்பி அனுப்புவது?

ஜனவரி 29, வியாழன்

நாளை பெருநாள். மாலையில் செனா அக்கா வீட்டுக்குப் போய்ச் சோபா கேட்டேன். ஆமாம். நான்தான் கேட்டேன்.

ஜனவரி 31, சனி

துவான் வந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் அப்படியே உள்ளே புதைந்துவிட்டார். முட்டியும் டையும்தான் தெரிந்தன.

"வீட்ல வசதியெல்லாம் எப்படி, மஹானி?"

இதற்குத்தான் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். "அல்ஹம்துலில்லா, ஒரு குறையும் இல்ல துவான்."

சம்சுரி சும்மா இருந்தாரா? "எனக்குப் பதவி உயர்வு வரப்போகுது" என்றார். அவர் காலை மிதித்தேன். மிதித்த இடம் துவானின் கால்.

"டிவி பெருசா இருக்கே" என்றார் துவான் வலியோடு.

"இது சின்னதுதான் துவான். பெருசு உள்ள இருக்கு."

இதைச் சொன்னது யார்? நான். என் சொந்த வாய்.

பிப்ரவரி 4, புதன்

வேலை கியோக்குக்கு. "அவங்க வீட்ல பாவம், டிவிகூட இல்ல. உங்களுக்கு அல்லா ஒரு குறையும் வைக்கல" என்றார் துவான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மாதக் கடைசி வரைக்கும் வரலாமாம்.

பிப்ரவரி 5, வியாழன்

என்னடி மஹானி, என்ன பண்ணி வச்சிருக்க? ஒரு மாசமா ஊரையே பார்த்துச் சிரிச்ச. தவுக்கே பொய் சொல்றாரு, செனா அக்கா பீத்திக்கிறாங்கன்னு சிரிச்ச. உன் முறை வந்ததும் பெருசு உள்ள இருக்காம், பெருசு! உள்ள என்ன இருக்கு? காலி அரிசி டின்தான் இருக்கு. இனிமே அடுப்புல என்னத்தைப் போடுவ, வெல்வெட்டையா?

அழுகை வருகிறது. சோபாவில் உட்கார்ந்துதான் அழுகிறேன். வசதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

கியோக் தன் டிவியைத் திருப்பி எடுத்துப்போக வந்தாள். அவள் வந்த நேரம் சம்சுரி பட்டப்பகலில் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஷிப்ட் இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன். நவம்பர், தொழிற்சாலை, தூண்டில், எல்லாம்.

கியோக் கையிலெடுத்த டிவியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "பைத்தியமே! என்கிட்டகூடச் சொல்லாம? முட்டிவலிக்கெல்லாம் சண்டை போட்டியே, இதைச் சொல்ல வாய் வரல?" அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னாள்: "எங்க அண்ணன் சிங்கப்பூர்லேருந்து மாசாமாசம் அனுப்பறான். எங்களுக்கு... போதும்."

ஒரு சீனர் வாயிலிருந்து 'போதும்' என்று கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை. சொன்ன கையோடு மேசையைத் தட்டிக்கொண்டாள், கண்பட்டுவிடுமாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

வேலையை எனக்குக் கொடுக்கச் சொல்லி கியோக் துவானிடம் பேசிவிட்டாள். "மஹானியே வந்து சொல்லட்டும்" என்றாராம். அங்கேதான் சிக்கல். எனக்குச் சொல்ல வராதே!

அதனால் தியோ தவுக்கேயிடம் பயிற்சி.

"முதல்ல பெருமூச்சு. வயித்துலேருந்து வரணும். இப்படி... ஹாய்ய்யா. அப்புறம் கண்ண தரையில போடு. யாராவது 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா உடனே பதில் சொல்லாத. தலைய மட்டும் ஆட்டு."

பெருமூச்சு விட்டேன்.

"என்ன லா இது, சாப்பிட்டு முடிச்ச மாதிரி இருக்கு! மறுபடியும்."

எலி கடித்த பனியனைக்கூட இரவல் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இரவல் வாங்கிப் பட்டது போதும்.

பிப்ரவரி 16, திங்கள்

துவான் முன்னால் போய் நின்று, வயிற்றிலிருந்து பெருமூச்சு விட்டேன்.

"என்ன மஹானி, உடம்பு சரியில்லையா?"

"இல்ல துவான், நல்லா இருக்கேன்."

வாசலில் கியோக் இருமினாள். காசநோய்க்காரி மாதிரி இருமினாள்.

அப்புறம் எப்படி வந்தது என்று தெரியாது, பயிற்சியெல்லாம் மறந்து கொட்டிவிட்டேன். "வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு துவான். இந்தச் சம்பளம் இல்லன்னா அடுப்பு எரியாது. சோபா தியோ தவுக்கேயோடது. டிவி இவளோடது. பெரிய டிவியே கிடையாது. நீங்க சாப்பிட்ட ரெண்டாங் கறிகூட செனா அக்கா கொடுத்தது."

துவான் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சிவப்பு சோபாவா? கைப்பிடியில ஓட்டை? அது எல்லா வீட்லயும்..."

"ஒரே சோபாதான் துவான்."

"அப்போ நம்ம ஆய்வு?"

"அதுவும் ஒரே சோபாதான் துவான்."

அவர் டையை முழுசாகக் கழற்றி மேசை மேல் வைத்தார். முதலிலிருந்து எல்லா வீட்டையும் மறுபடி எழுத வேண்டும் என்றார். தெருவைத் தெரிந்த இரண்டு பேருமே வேண்டுமாம், வேலை முடிகிற வரைக்கும். தலைமை அலுவலகத்தோடு அவர் சண்டை போட்டுக்கொள்வாராம்.

மார்ச் 2, திங்கள்

புது ஆய்வு இன்று ஆரம்பம். முதல் வீடு எங்கள் வீடு. கியோக் பேனாவோடு, துவான் டை இல்லாமல். சோபாவை நேற்றுதான் சம்சுரியும் தவுக்கேயும் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டினார்கள். பாயை விரித்தேன். துவான் சம்மணம் போடத் தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரர் வேலை?" என்றாள் கியோக், என்னைத் தெரியாதவள் மாதிரி.

"இல்ல."

"டிவி?"

"இல்ல."

"சோபா?"

அந்த நேரம் பார்த்து செனா அக்கா பின்வாசலிலிருந்து கத்தினார். "மஹானி! அதிகாரி வந்திருக்காராமே? ஹாஜி வீட்ல மூங்கில் சோபா ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?"

துவான் என்னைப் பார்த்தார். கியோக் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். காது வரைக்கும் சூடேறியது எனக்கு.

"வேணாம் அக்கா" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எங்க வீட்ல பாய்தான்!"