ஏழு பியோனிப் பூக்கள்

லிமோஜ், 19 ஜூன் 1882

அன்பு மகள் ஒனோரினுக்கு,

மான்ட்ரியாலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். நான் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், ஆகவே சுகம் என்றுதான் சொல்லவேண்டும். அம்மா வியாழக்கிழமை போய்விட்டாள் என்பதைத் தந்தி சொல்லியிருக்கும். தந்தியில் அடங்காததை எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

மே மாதத்திலிருந்து அவள் படுத்த படுக்கை. நோயாளி அறையில் பூ இருந்தால் காற்று கெடும் என்று டாக்டர் ஜன்னலோரத்துத் தொட்டிகளை வெளியேற்றினார்; நோயை வெளியேற்றத்தான் அவரால் முடியவில்லை. மாடியில் குடியிருந்த ஓவியர் ஒக்தாவ், பாரிஸே சிரிக்கும் அந்தப் புதுப்பாணிக்காரர்களில் ஒருவர், ஊரைவிட்டுப் போகும்போது ஜாடியில் ஏழு பியோனிப் பூக்கள் உள்ள படத்தைக் கொடுத்து, இதுக்கு வாசனை கிடையாது, டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டார் என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன், சிவப்பும் வெள்ளையுமாக அப்பிவைத்திருந்தார். முப்பத்தொரு வருஷம் பீங்கான் தட்டில் மூன்று மயிர்த் தூரிகையால் இதழ் நரம்பெல்லாம் எழுதியவன் நான், அரைகுறை வேலை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அம்மாவோ படுத்தபடியே, அந்த இடது ஓரத்துப் பூ நாளைக்கு உதிர்ந்துடும் பாருங்க என்பாள். மறுநாள் கண் விழித்ததும், இன்னும் உதிரலை, என்னை மாதிரியே பிடிவாதம் என்பாள்.

ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது, சந்தோஷப்படட்டுமே என்று அந்தப் படத்தை நான் முடித்துவைக்க உட்கார்ந்தேன். இடதிலிருந்து ஐந்து பூ முடிந்தது, விளிம்பு, நரம்பு, ஒரு பனித்துளிகூட. அதற்குள் விழித்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். ஏங்க, பூவையெல்லாம் யாரு எடுத்துட்டுப் போனது என்றாள். ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று கையைப் பிடித்தேன், என் விரலிலிருந்த சிவப்பைக் கண்டுகொண்டாள். அட மனுஷா, இதையும் பீங்கான் தட்டாக்கிட்டீங்களே என்று சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அப்போதுதான் முதல்முறையாக அவள் தலையணைப் பக்கம் உட்கார்ந்து, எட்டடி தள்ளியிருந்த படத்தைப் பார்த்தேன். என் ஐந்தும் விறைத்து நின்றன, நான் தொடாத இரண்டும் மூச்சுவிட்டன. துடைத்தால் அடியிலிருப்பதும் சேர்ந்து வந்துவிடும், அது எனக்குத் தெரிந்த தொழில். கடைசி ஒன்பது நாளும் தலையணையை வலப்பக்கம் திருப்பச் சொல்லி அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்துப் பூவைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

படத்தைப் பெட்டியில் அனுப்புகிறேன். கட்டிலுக்கு எதிரே எட்டடி தள்ளி மாட்டு. வலது ஓரத்து இரண்டும் அம்மா பார்த்தவை, மற்ற ஐந்தும் அப்பா செய்தவை. ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளி போதாது, இரண்டாகப் போட்டுக்கொள். ஒன்றை மறக்காதே, படத்தின் கிட்டே மட்டும் போகாதே. எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும், எனக்குத் தோன்றியதுபோல.

உன் அப்பா,
ஃபிர்மேன்