கஜாவின் ஒற்றை நாற்றும் நான் கொடுத்த மூட்டையும்

என் உயிர் தோஸ்து கஜாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். உன் மேல் நான் போட்ட பழியையும் நாலு பேர் கேட்கத்தானே போட்டேன்? அதைத் திரும்ப எடுக்கும்போது மட்டும் காதோடு காதாக எடுத்தால் சரியாக இருக்காது.

என் புத்தி உனக்குத் தெரியும். மணலி உர ஆலையில் இருபத்தாறு வருஷம் நீயும் நானும் ஒரே தையல் மிஷினில் யூரியா மூட்டைக்கு வாய் தைத்தோம். எடை மெஷின் சரியாகத்தான் காட்டுகிறதா என்று அதையே சந்தேகப்பட்டு, நான் இரண்டாம் தரம் நிறுத்துப் பார்ப்பேன். "மாமு, நீ உங்க அம்மா ஊத்துன பாலையே மோந்து பாத்துட்டுத்தான் குடிச்சிருப்ப" என்று சிரிப்பாய். ரிட்டயர் ஆனதும் நான் தண்டையார்பேட்டையில் வீட்டோடு கிடந்தேன். நீ மணலி புதுநகரைத் தாண்டி மீஞ்சூர்ப் பக்கம் இருந்த உன் முக்கால் ஏக்கரில் நெல் பயிரிட இறங்கிவிட்டாய்.

இறங்கினவன் சும்மா இருந்தாயா? பதினைந்து நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றே ஒன்றாக, ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டேன் என்றாய். யூரியா பக்கத்து வயல்காரன் போடுவதில் பாதிதான் என்றாய். அதையும் இலையின் பச்சை வெளிறும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன் என்றாய். ஆனாலும் அவனைவிட அதிகம் விளைந்தது என்றாய். எனக்கு எப்படி இருக்கும்? எத்தனை லட்சம் மூட்டை தைத்து அனுப்பியிருப்போம்! அத்தனையும் தேவையில்லாமலா போயிற்று? மூட்டைதான் நெல்லாக மாறுகிறது என்று நம்பியே நான் காலம் தள்ளியவன்.

அதனால் உனக்கு ஒரு பொறி வைத்தேன். இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அடுத்த ஐப்பசியில் சொசைட்டியில் ஒரு மூட்டை யூரியா வாங்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேனே, அது அன்பளிப்பு இல்லை. "இலை மஞ்சளா பூட்சுன்னா போட்டுக்கோ" என்று சொல்லி, உன் மோட்டார் கொட்டகைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனேன். தையல் நூலின் வலது முனையில் என் முடிச்சைப் போட்டிருந்தேன். அதை அவிழ்த்து இழுத்தால்தானே தையல் சரசரவென்று பிரியும்? முடிச்சு போயிருந்தால் நீ பொய்யன், அவ்வளவுதான் என் கணக்கு.

தையில் உன் அறுவடை முடிந்தது. நீ வயலில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கதவோரம் மூட்டை இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் திருவொற்றியூர் டீக்கடையில், நம் பழைய ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேர் முன்னால், எழுந்து நின்று சொன்னேன். "ஆளு இல்லாத நேரம் பாத்து மூட்டைய கொட்டிக்கினு, இங்க வந்து ஒத்த நாத்து, ஒத்த நாத்துன்னு கதை வுட்றான் இவன்!" எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "டீ ஆறுது மாமு, குடி" என்றாய். ஏன்டா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை? பேசாததால்தான் நீ மாட்டிக்கொண்டாய் என்றே நினைத்தேன்.

அதற்கப்புறம் நான் உன்னோடு பேசவில்லை. ஆனி மாதம் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. உன்னைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். தூக்கும்போதும் என் மனசில் அந்த மூட்டை இருந்தது. இப்படியும் ஒரு ஜென்மமா நான்?

ஆடியில் உன் வீட்டுக்காரி லோகா என்னைக் கூப்பிட்டு விட்டது. கன்டெய்னர் யார்டு போடுகிறவன் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறானாம். "வெளைச்சல் நெசம்னா பயிரு வெச்சிக்கினு போறேன் பாய். நீங்க சொன்னா மாரி அவரு பொய்தான் சொன்னாருன்னா, குடுத்துடறேன். மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டான்னா அப்பால அது வயலு இல்ல. தை வரிக்கும் டைம் கேட்டுகீறேன்" என்றது. என் வாய் ஒரு நிலத்தையே காவு வாங்கப் பார்க்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நானே பயிர் வைக்கிறேன் என்றேன். வயலை இரண்டாகப் பிரித்தேன். கிழக்குப் பாதியில் உன் முறை. மேற்குப் பாதியில் முற்றின நாற்றாகக் குத்துக்கு நாலைந்து, நெருக்கி நட்டு, யூரியாவை இரண்டே தடவையில் அள்ளி வீசும் முறை. நடவுக்கு வந்த பெண்கள் உன் பாதியைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், வயலு மொட்டையா கீது? கொக்கு வந்து நின்னாக்கூட மறைஞ்சிக்க எடமில்ல" என்று கேலி செய்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஒரு மாதத்தில் உன் நாற்று பக்கத்தில் கிளை கிளையாக வெடித்துத் தூர் கட்ட ஆரம்பித்தது. நான் நம்பவில்லை. யாரோ இரண்டு மூன்றாகச் சேர்த்து நட்டுவிட்டார்கள் என்று ஒரு குத்தைப் பிடுங்கி, வாய்க்காலில் வேரைக் கழுவிப் பார்த்தேன். ஒன்றுதான். இன்னொன்றைப் பிடுங்கினேன். அதுவும் ஒன்றுதான். மூன்றாவதில் கை வைத்தபோது லோகா வரப்பிலிருந்து கத்தியது. "பாய், சந்தேகம் தீர்றதுக்குள்ள வயலையே புடுங்கிடுவீங்க போலகீதே!"

பல பச்சை நிறங்கள் அச்சிட்ட உன் அட்டையை லோகாவிடம் வாங்கி, வாரம் ஒரு தரம் இலையோடு ஒட்டிப் பார்த்தேன். வெளிறினால் மட்டும் கொஞ்சம் யூரியா. மேற்குப் பாதியோ கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. மறைத்து என்ன, இருந்தது.

மார்கழி மழை ஒரே நாள்தான். மேற்குப் பாதி பாயைச் சுருட்டிப் போட்டது போல் படுத்துவிட்டது. தின்ற யூரியாவெல்லாம் உயரமாகவும் இலையாகவும் போயிருந்தது, தண்டில் பலமே இல்லை. நெருக்கத்தில் காற்றும் வெயிலும் புகாமல், அடித்தூரில் புகையான் பூச்சி வேறு. உன் பாதி நனைந்துகொண்டு நின்றது. அறுத்துத் தூற்றியபோது மேற்கில் பாதிக்குப் பாதி பதர். கிழக்கில் கதிருக்குக் கதிர் மணி.

அப்போதும் என் புத்தி அடங்கவில்லை, கஜா. போன வருஷம் நீ கொட்டிய என் மூட்டைதான் மண்ணில் மிச்சம் இருந்து இந்த வருஷம் உன் பாதியைக் காப்பாற்றியிருக்கும் என்று லோகாவிடமே சொன்னேன். அது கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தது.

மோட்டாருக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், இரண்டு மரப்பலகை மேல், பிளாஸ்டிக் ஷீட் சுற்றி வைத்திருந்தாய். மூட்டையைத் தரையில் வைக்காதே, சுவரோரம் வைக்காதே என்று ஆலையில் புதிதாக வருகிறவனுக்கெல்லாம் சொன்னவனே நான்தான். அதையே நீ செய்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லையே! ஷீட்டைப் பிரித்தேன். எண்ணூர்க் காற்றின் ஈரத்தில் உள்ளே எல்லாம் கல்லாக இறுகியிருந்தது. வலது முனையில் என் முடிச்சு அப்படியே இருந்தது.

இடது முனையில் உன் முடிச்சு இருந்தது.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆலையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். நான் தைத்து வலது முனையில் முடிச்சிடுவேன். கஜா சரிபார்த்து இடது முனையில் முடிச்சிடுவான். இரண்டும் இருந்தால்தான் அது சரியான மூட்டை, எங்கள் கையை விட்டுப் போகும்.

ஆக, என் முடிச்சைப் பார்த்தே, நான் எதற்கு அந்த மூட்டையைக் கொண்டுவந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது? கொட்டகையில் இறக்கி வைத்த அன்றைக்கேவா? தெரிந்தும் அந்த டீயை எப்படி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாய்? கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதேன், கஜா. லோகா வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் யார்டுக்காரனிடம், "பயிரு வெக்கிறோம், நீ வேற எடம் பாரு" என்று சொல்லிவிட்டது.

வர்ற ஆவணியில் முக்கால் ஏக்கரும் ஒற்றை நாற்றுதான். பிடுங்கிப் பார்க்க மாட்டேன். நாளைக் காலையில் அதே டீக்கடையில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்வேன். அந்த மூட்டையைப் பிரிக்க மாட்டேன், இருக்கிற வரைக்கும் பலகை மேலேயே இருக்கட்டும்.

உன் மிஷினில் வலப்பக்கம் நின்றவன்,
உன் மாமு,
காதர்