நாற்றமில்லாத கடுதாசி

அக்கா,

குருண் ஊர்க் கோயில்காரர்கள் திருவிழாவுக்கு ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் சயாம் ரயில்பாதை போட்ட காட்டை வருணித்திருக்கிறார். சலசலக்கும் ஆறாம், தாலாட்டும் தென்றலாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கே என்ன நாறியது? அதை எழுது" என்று பேனாவால் ஓரத்தில் எழுதினேன். உன் கேள்விதான்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுபோய், இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். நான் மாமா என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரரைத்தான் நம் தோட்டத்திலிருந்து முதலில் ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். நாலு மாதம் கழித்து ஒரு காலை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எல்லாரையும் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நிறுத்தி, மாமா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது என்று ஒரு கடுதாசியை வாசித்தான். குளிர்ந்த ஆறு, பச்சை மலை, இதமான காற்று, வயிறு நிறையச் சோறு, எல்லாரும் வரலாம். என்ன அழகான தமிழ்! நான் சொக்கிப்போய் நின்றேன்.

நீ மட்டும் முன்னால் போனாய்.

"இது எம் புருசன் சொன்னதில்லீங்க கிராணி. கோலா கெடாவுக்குப் போயிட்டு வந்து, கடலு எப்புடின்னு கேட்டாகூட, 'கருவாட்டு நாத்தம் கொடலப் புடுங்குது'ம்பாரு. நாலு மாசமா அங்க ஒண்ணுமே நாறலியா? காலு சேத்துல பொதையலியா? கொசு கூடவா கடிக்கல? இத எழுதுனவன் அந்த எடத்தப் பாத்ததே இல்ல."

கிராணி உன்னை அறைந்தான். ஒரு வாரம் உன் அரிசியை நிறுத்தினான். ஜப்பான்காரனுக்காக அவன் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தென்றலைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டான், பாவி.

அவனைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம், "அந்தக்கா மாமாவ நெனச்சுப் பெனாத்துது. அங்க சோறாவது கெடைக்கும்லா, போயிட்டு வாங்க" என்று சொன்னவள் நான். அவரும் போனார்.

சண்டை முடிந்து சிடாம் கிரித் தோட்டத்துக்காரன் ஒருவன்தான் சயாமிலிருந்து திரும்பினான். வந்தவன் ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. "புண்ணு வச்சுக் காலு அழுகுற நாத்தம்க்கா, சோறு எறங்காது" என்றான். அவன் சொன்ன கணக்குப்படி, கடுதாசி வாசித்த அன்றைக்கு மாமா செத்து ஒரு மாதமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் அடுத்த மழையில் செத்துப்போனாராம்.

இன்றைக்கும் யாராவது ஓர் இடத்தை அழகாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அது நீ கொடுத்தது, நல்லதுதான். ஆனால் இன்னொன்றும் கொடுத்தாய். அதற்கப்புறம் முப்பது வருசம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். "அன்னைக்கே சொன்னேனே புள்ள" என்று ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை.

சொல்லித் திட்டியிருக்கலாம், அக்கா.