சுதந்திரத்துக்கு ஒரு மாதிரிப் படம்

மே 4, சனி

பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அனிமேஷன் படம் போட்டார்கள். ஓவிய டீச்சர் என்பதால் நானும் உட்கார வேண்டியதாயிற்று. ஊர் முழுக்கச் சதுரமான மனிதர்கள். ஒருத்தி மட்டும் உருண்டை. சதுரமாக இருப்பதே ஒழுக்கம் என்று ராஜா சட்டம் போட்டிருக்கிறார். அவள் உருண்டு உருண்டே புரட்சி செய்கிறாள். கடைசியில் ராஜா உட்பட ஊரே உருண்டையாகி, ஒரே ஆட்டம் ஆடுகிறது. இதற்குப் பெயர் சுதந்திரமாம்! சதுரமாகவே இருக்க ஆசைப்பட்டவன் அந்த ஊரில் ஒருவன்கூட இல்லையா?

தலைமையாசிரியர் புவனேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரிஜிட் டீச்சர், இதுதான்லா நம்ம பிள்ளைங்களுக்கு வேணும். சுயமா சிந்திக்கணும்." போன வாரம் காலுறை வெள்ளையாக இல்லை என்று ஆறு பேரை வெயிலில் நிறுத்திய மகான் இவர்.

மே 7

மாவட்ட ஓவியப் போட்டிக்குத் தலைப்பு வந்துவிட்டது: 'என் கற்பனை, என் உரிமை'. சார் உடனே கூப்பிட்டார். "நீங்க ஒரு மாதிரிப் படம் வரைஞ்சி குடுங்க டீச்சர். பிள்ளைங்க மனப்பாடம் பண்ணட்டும்."

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மே 8

வரைந்து கொடுத்துவிட்டேன். பறவை, திறந்த கூண்டு, வானவில். பதினைந்து வருடமாக அதே பறவைதான். தலைப்புக்கு ஏற்பக் கூண்டு மட்டும் வரும், போகும்.

மே 20

போட்டிக்குப் பயிற்சி. பன்னிரண்டு பிள்ளைகள். பதினொரு பறவைகள், எல்லாம் இடப்பக்கமே பார்க்கின்றன. என் மகள் ரெனீ மட்டும் வேறு வரைந்திருந்தாள். அன்று மண்டபத்தில் போட்ட அனிமேஷன் படத்தில் வந்த ஊர். எல்லோரும் உருண்டையாக ஆட, ஒருவன் மட்டும் சதுரமாகக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறான்.

"இவன் யாரு?"

"உருள வராதவன், டீச்சர்." பள்ளியில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எவ்வளவு நல்ல படம்! எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "ஜட்ஜுக்கு இதெல்லாம் வெளங்காதுமா. பறவையையே வரை."

ஏன் அப்படிச் சொன்னேன்? தோற்றால் அழுவாளே என்றுதான் — பொய். டீச்சர் மகளே தோத்துட்டா என்று எங்கள் நியாலாஸ் ஊர் முழுக்கப் பேசுவார்களே, அதற்குத்தான்.

மே 21

பறவையை வரைந்துவிட்டாள். இடப்பக்கம் பார்க்கிறது.

ஜூன் 15, சனி

ஜாசின் டவுனில் மாவட்டப் போட்டி. ரெனீக்கு முதல் பரிசு. "அபாரமான சுய கற்பனை" என்று நடுவர் மைக்கில் முழங்கினார். மற்ற பள்ளிகளிலிருந்தும் பறவைகள்தாம் வந்திருந்தன. எங்களுடையதில் வானவில் கூடுதல், அவ்வளவே. சார் பூரித்துப்போனார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன், வெட்கங்கெட்டவள்.

ஜூன் 23, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பரிசாகக் கிடைத்த வண்ணப் பென்சில் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். "ஒனக்குப் புடிச்சத வரைடி, போட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல."

அரை மணி நேரம் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க மொதல்ல வரைஞ்சி காட்டுங்க, டீச்சர்."

வீட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.