கம்புக்கு முன்னால் காலடி

12 ஜனவரி 1959

முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனேன். பொங்கலுக்கு முந்தைய குளிர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். டிரில் டீச்சர் சந்திரம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "எந்தக் கை?" என்றாள். இடது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாதது.

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் தெலுங்கில் குறிப்பு எழுத வரவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்து, இந்த ஊரும் அதோடு போய் ஐந்து வருஷம் தாண்டியாயிற்று, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார். திருத்தணிப் பக்கத்து ஆள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவர் மேல் என்ன தப்பு? மேலதிகாரி எல்லார் எதிரிலும் ஃபைலை விட்டெறிந்தாராம். அங்கே வாங்கியதை இங்கே கொண்டுவந்து கொடுக்கிறார். நேற்று குடையால்.

என் மேல் என்ன தப்பு? இதையும் யாராவது கேட்டால் தேவலை.

19 ஜனவரி

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சந்திரம்மா பெண்களுக்குக் கம்பு சுற்றக் கற்றுத்தருகிறாள். நாம் சிலம்பம் என்பதை அவள் கர்ரசாமு என்கிறாள். பங்காருபாளையத்தில் அவள் வீட்டு மாந்தோப்புக்கு அண்ணன்மார் கம்போடுதான் காவல் போவார்களாம். அவர்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டாளாம்.

"நீயும் வா தபீதா" என்றாள்.

"எனக்கு முப்பத்திரண்டு வயசு. ஒரு பொண்ணுக்குத் தாய். ஊர் சிரிக்கும்."

"எனக்கும் அதே வயசுதான். ஊரு என்னப் பாத்து சிரிக்கலியே? எவ்ளோ நாளைக்கும்மா அடி வாங்கிக்கினே இருப்ப?"

எழுந்து வந்தேன். கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் ஏன் கோபம்?

20 ஜனவரி

போனேன்.

3 பிப்ரவரி

கம்பைத் தொடவே விடவில்லை. தினமும் காலடிதான். முன்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பு. பள்ளிக்குப் பின்னால் புளியமரத்தடியில், சேலையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு, ஆறாம் வகுப்புப் பெண்களோடு நானும் குதிக்கிறேன். கணுக்கால் வீங்கிவிட்டது. "கம்பு எப்பத்தான் தருவே?" என்று கேட்டால், "நிக்கத் தெரியாதவ கைல கம்பு குடுத்தா அதையும் புடுங்கி அவளையே அடிப்பாங்க" என்கிறாள். வாய் இருக்கிறதே அவளுக்கு!

ஆனால் நிஜம். அவர் கை ஓங்கும்போது நான் எங்கே நிற்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிற்பதே இல்லை. சுவரோடு சுவராகப் போய் ஒட்டிக்கொள்கிறேன்.

27 பிப்ரவரி

இன்று கம்பு கொடுத்தாள். என் புருவம் வரைக்கும் வரும்படி அறுத்த மூங்கில். வாங்கியதும், முதலில் சலாம் என்றாள். குனிந்து மண்ணைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, நெஞ்சில் வைத்து, பிறகு எதிரில் நிற்பவளுக்கு.

தயங்கி நின்றேன். மண்ணைத் தொட்டுக் கும்பிடலாமா? போதகர் பார்த்தால் என்ன சொல்வார்?

"மண்ணுக்கு இல்லம்மா" என்றாள். "எதிர்ல கீறவங்களுக்கு. ஒன்ன அழிக்க வரல, ஒனக்கு எதிர்ல நிக்க வந்தேன்னு அர்த்தம். சலாம் வெக்காம கம்பு தூக்கறவன் ரவுடி."

வைத்தேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. என் வீட்டில் நடப்பதைப் பார்த்தே சும்மா இருக்கிறவர், இதற்கா வந்துவிடப் போகிறார்? — இப்படி எழுதியிருக்கக்கூடாது. எழுதியதை அடித்துவிடவும் மனசில்லை. இருக்கட்டும்.

18 மார்ச்

இரண்டு நாளாகத் தலைப்பக்கம் காப்பதுதான் பாடம். மேலே வரும் அடியைக் கம்பை முறுக்கித் தடுக்க வேண்டும். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்று அடி வாங்கினேன். "செய்யி காது, புஜம் சூடு!" என்று கத்தினாள். கையைப் பார்க்காதே, தோளைப் பார். கை பொய் சொல்லுமாம், தோள் சொல்லாதாம்.

2 ஏப்ரல்

மூலையில் கம்பைப் பார்த்துவிட்டார். "இன்னா இது, மாடு மேய்க்கப் போறியா?" என்று சிரித்தார். பள்ளிக்கூட விழாவுக்கு என்றேன். பொய்யில்லையே. சிரிக்கும்போது நல்ல முகம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அவர் அடிக்குரலில் பாடினால் கோயிலே அடங்கும். இந்த மனிதரா அடிக்கிறவர் என்று எனக்கே தோன்றும். அதுதான் வயிற்றெரிச்சல்.

9 ஜூலை

நேற்று இரண்டு அடி. வலது தோளில். காரணம் எழுதப் போவதில்லை, காரணம் என்று ஒன்று இருந்தால்தானே.

இன்று வகுப்பில் அம்சவேணி கணக்கைத் தப்பாகப் போட்டாள். பிரம்பால் விளாசிவிட்டேன். சந்திரம்மா ஜன்னல் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். ஆண்டு விழா முடிந்தும் நாங்கள் பழகுவதை விடவில்லை; சாயங்காலம் புளியமரத்தடிக்குப் போனால், "இன்னிக்கு ஒனக்குக் கம்பு கெடையாது. வீட்டுக்குப் போ" என்று எல்லாப் பெண்கள் எதிரிலும் சொல்லிவிட்டாள்.

"நான் வாத்திச்சி. அடிக்காம எப்படிக் கணக்கு வரும்?" என்று கேட்டேன்.

"அவரும் இதேதான் கேப்பாரு."

திரும்பிப் பார்க்காமல் வந்தேன். இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன். அவள் யார் எனக்குச் சொல்ல?

13 ஜூலை

அம்சவேணி கையை நீட்டும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடி விழும் முன்பே. நானும் அப்படித்தான் மூடுகிறேன். சோற்றில் கை வைத்தால் அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது.

14 ஜூலை

பிரம்பைத் தலைமை ஆசிரியை அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். "ஏன், உடைஞ்சிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். சாயங்காலம் போனேன். சந்திரம்மா கம்பை நீட்டினாள்.

6 செப்டம்பர்

எல்லை மசோதா வரப்போகிறதாம். திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு. கோயில் முடிந்ததும் ஆண்கள் எல்லாம் இதே பேச்சு. அவர் மதராஸ் பக்கம் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். "போயிட்டா எல்லாம் சரியாப் போயிடும் தபீதா" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கும் நம்ப ஆசைதான். எல்லைக்கோட்டை மாற்றினால் கை மாறிவிடுமா?

13 நவம்பர், வெள்ளி

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஆபீசுக்காக எழுதிய தெலுங்குப் பரீட்சையில் அவர் மறுபடி தேறவில்லை. வரும்போதே முகம் சரியில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ராவுல அரை மணி உக்காருங்க, நான் சொல்லித்தரேன்னு அப்பவே சொன்னேனே" என்று சொல்லிவிட்டேன். "நீ எனக்கு வாத்தியாரா?" — குடையை எடுத்துவிட்டார்.

எலிசபெத் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் பெண். ஒன்பது வயது. அவளைப் பார்த்தேன், கம்பை எடுத்தேன்.

எடுத்ததும் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. ஐயோ, பழக்கம்! மண்ணைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, நெஞ்சில் வைத்து, அவருக்கு நேராகச் சலாம். காலில் விழுகிறேன் என்று நினைத்துவிட்டார். குடை தாழ்ந்தது. "ஆங், இந்த புத்தி மொதல்ல வரணும்" என்றார். சிரித்தார்கூட.

அப்புறம் நான் நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்தார்.

முகம் கறுத்துவிட்டது. பாய்ந்து வந்தார். குடையைப் பார்க்கவில்லை நான், தோளைப் பார்த்தேன். கம்பை முறுக்கினேன், அவ்வளவுதான். அடித்த வேகத்தில் அவர் குடைதான் முறிந்து துணியும் கம்பியுமாகத் தொங்கியது. என் மேல் ஒரு அடிகூட விழவில்லை. அவர் தலை எனக்கு நேராகத் திறந்து கிடந்தது. ஒரு வீச்சு போதும். ஆசை இருந்தது — ஆண்டவரே, இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கம்பை இறக்கவுமில்லை, ஓங்கவுமில்லை.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ள எதிர்ல..." என்றார்.

"இவ்ளோ நாளும் அவ எதிர்லதான்" என்றேன்.

14 நவம்பர்

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

22 நவம்பர், ஞாயிறு

அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். போதகர் சத்தியநாதன் ஐயாவும் அவர் மனைவி, போதகர் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் பண்ணிவிட்டு, "புருஷனுக்கு எதிரே கம்பு எடுத்தியாமே, நிஜமா?" என்றார் ஐயா.

"எடுத்தேன் ஐயா. ஆனா நான் அடிக்கல." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து, "நான் அடிச்சேனா? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை மறக்கமாட்டேன்.

போதகர் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "அடிக்கிற கைதாம்மா அணைக்கும், பொறுத்துப் போ" என்றார்கள். ரவிக்கைக் கையை மேலே தள்ளித் தோளைக் காட்டினேன். பழைய தழும்பு ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். காப்பியும் ஆறிப்போயிற்று.

30 டிசம்பர்

அன்றிலிருந்து கை ஓங்கவில்லை. பேசவுமில்லை. இரண்டு பேரும் சத்திரத்தில் தங்கியவர்கள் மாதிரி இருக்கிறோம்.

10 பிப்ரவரி 1960

திருத்தணி ஆபீசுக்கு உத்தரவு வந்துவிட்டது. "மூட்டை கட்டு" என்றார்.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "வரேன். வேலைய விட்டுட்டே வரேன். போதகர் ஐயா எதிர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, இனிமே என் மேல கை வெக்கமாட்டேன்னு."

"வாக்குமூலம் குடுக்க நான் இன்னா திருடனா?"

"அப்போ நீங்க போங்க."

சொன்னது நானா? குரல் என்னுடையதுதான். நின்ற இடத்திலிருந்து கால் நகரவில்லை.

சந்திரம்மாவிடம் சொன்னபோது சபாஷ் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அழுகை வந்தா அழு" என்றாள். அழுதேன்.

31 மார்ச்

இன்று போனார். டிரங்குப் பெட்டியைப் பஸ்ஸின் மேல் ஏற்றும்வரை ஒரு வார்த்தை வருமென்று நின்றேன். வரவில்லை. எலிசபெத் "நைனா, போய் சேந்ததும் எழுதுங்க" என்றாள். அவள் தலையைத் தடவினார்.

எதிர்வீட்டு வெங்கடலட்சுமி, "வாழாவெட்டியாயிட்டியேம்மா" என்று அங்கலாய்த்தாள். வாழ்ந்ததையெல்லாம் அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

1 ஏப்ரல்

இன்றிலிருந்து திருத்தணி வேறு ராஜ்யம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றிவிட்டு, ஒன்றை நானே குடித்தேன்.

16 ஏப்ரல், சனி

நாளை ஈஸ்டர். அதிரசத்துக்குப் பாகு வைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி பஸ்ஸில் வந்திருக்கிறார். இளைத்துவிட்டார். சட்டைக் காலரில் அழுக்கு. கையில் எலிசபெத்துக்கு ஏதோ பொட்டலம்.

வழக்கமாக விறுவிறுவென்று உள்ளே வருகிறவர், வாசற்படிக்குக் கீழே வெயிலில் நின்றார். "தபீதா, உள்ள வரட்டா?" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எதற்கும் என்னை இப்படிக் கேட்டதில்லை. பாகு கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் இருங்க, யோசிச்சு சொல்றேன்" என்றேன். வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது. கேட்டது பெரிது. ஆனால் கேட்பதும் வாக்குக் கொடுப்பதும் ஒன்றா? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவரைப் பிடிக்கும் எனக்கு, அது போகவில்லை. பயமும் போகவில்லை.

"வாங்க. சாப்புடுங்க, கொழந்தையோட இருங்க. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிடணும்."

பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி" என்றார். செருப்பைக் கழற்றினார்.