வேங்கையில் ஓர் ஊன்றுகோல்

மரவாடி மகாராசருக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்காரி எழுதுவது.

"ஒத்தக் காலோட அவ முன்னாடி எப்படி நிப்பேன்? ஆஸ்பத்திரியிலேருந்து நேரா மருங்காபுரிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன்" என்றீர்களாம். சின்னையன் ஆசாரி வந்து சொன்னார். நல்லது, போங்கள். போவதற்குக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள ஊன்றுகோல் வேண்டாமா? அவரிடமே செய்யச் சொல்லிவிட்டேன்.

தேக்கு போதும், கனம் குறைவு என்றார் ஆசாரி. மரவாடியில் உங்கள் மேல் உருண்ட அந்த வேங்கைத் தடியிலிருந்துதான் அறுக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். வைரம் பாய்ந்த மரம், உங்களையும் உங்கள் கோபத்தையும் சேர்த்துத் தாங்கும்.

அவசரத்தில் நானே ஓர் ஆணி அடித்தேன். வளைந்துவிட்டது. "வேங்கைக்கு முதல்ல துளை போடணும் தங்கச்சி. மிரட்டினா ஆணி இறங்காது" என்றார். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க" என்றேன்.

ஒரே குறை, ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். வியர்வையில் உங்கள் வெள்ளைச் சட்டைக்குக் கக்கத்தில் நலங்கு வைத்தது போல் ஆகிவிடும். அதனால் என் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து மேலே சுற்றித் தைத்திருக்கிறேன்.

அளவுக்கு நீங்கள் இல்லை. என் மூக்கு உங்கள் கக்கத்துக்கு வரும் என்று நானே நின்று அளவு கொடுத்தேன். ஆசாரி உளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஜட்காவோடு புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஊன்றுகோல் என் கையில் இருக்கும். மருங்காபுரிக்கே போவதானாலும், கட்டிலை விட்டு எழுந்து என் முன்னால் நின்றால்தான் கொடுப்பேன்.

அன்றும் இன்றும் உங்கள் கக்கத்து உயரமே உள்ள,
உங்கள் வீட்டுக்காரி