சேறு பூசிய சிலுவை

10 டிசம்பர் 1971, வெள்ளி

இவரிடமிருந்து கடிதம் வந்தது. ராணுவத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அத்தைக்கு வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன்: "வண்டியின் செஞ்சிலுவை தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிறது. பயந்து சேறு பூசிவிட்டோம்."

"ஆசுபத்திரி வண்டியைச் சுடக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னியேடி, காலேசுக்காரி. நெசந்தானே?"

"நெசந்தான் அத்தை. எல்லா நாட்டுக்காரவுகளும் கையெழுத்துப் போட்டிருக்காக."

அத்தை நம்பிவிட்டார்கள். சாயங்காலமே இவருடைய பழைய வேட்டியில் சிவப்புத் துணியால் பெரிய சிலுவை தைத்து, "கூரையில கட்டச் சொல்லு. ஆகாசத்துல வாரவனுக்கும் தெரியட்டும்" என்று என்னிடம் நீட்டினார்கள். காலையில் நான்தான் பார்சல் அனுப்ப வேண்டும்.

அனுப்பக் கூடாது என்றுதான் பாப்பாவைத் தூங்க வைக்கும்வரை நினைத்திருந்தேன். ஆனால் சேறு பூசிய வண்டியை, சட்டத்தை மதிக்கிறவனும் சுட்டுவிடுவானே.